உள்மடிப்பு எங்கே?

ஸ்ரீவில்லிபுத்தூர்
9 ஜூன் 2025, திங்கள்

பரிபூரணம் அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். டிஸ்பேட்ச் செல்வி. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு பக்கம்தான்.

காலேஜில் கடைசிப் பரீட்சைக்குப் பிறகு இப்போதுதான் தாளில் இவ்வளவு எழுதுகிறேன். வேறு என்ன வழி இருக்கிறது? என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். கம்பெனி குரூப்பில் இருந்து வெளியே போய்விட்டீர்கள். முதலாளி மகன் ஹரிகிருஷ்ணன் சார் போன வருசம் கொண்டுவந்த ஆபீஸ் ஆப்பையும் போனில் இருந்து அழித்துவிட்டீர்களாம், மாரியாத்தாள் சொன்னாள். போன வியாழக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறி இராஜபாளையம் வந்து கம்பெனி வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். நீங்கள் பின் கேட் வழியாகப் போய்விட்டீர்கள். பாப்பா வாட்ச்மேனுடைய விசிலைப் பிடுங்கிக் கடித்து வைத்தாள், அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே காரியம்.

உங்கள் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைக்கிற காஸ் துணியை நீங்கள் மடிக்கிற வீடியோவைக் கம்பெனியின் ஆன்லைன் பக்கத்தில் போட்டேன். நடுவில் நீங்கள் "ஏட்டி, வாயப் பாக்காத, கையப் பாரு" என்று மாரியாத்தாளை விரட்டுவதும் அதில் வந்துவிட்டது. பார்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி அக்கா" என்று உங்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் அக்கா. யாரும் கேலியாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டது என் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இப்போது என் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பேக்கிங்கில் எத்தனை பெட்டி முடிந்தது, எதற்கு லேபிள் வேண்டும் என்று நீங்கள் ஆப்பில் போட்டால்தான் நான் வீட்டில் இருந்தபடியே லேபிள் அடிக்கக் கொடுத்து லாரிக்குச் சொல்ல முடியும். ஒரு வாரமாக உங்களிடம் இருந்து ஒன்றுமே வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆன்லைன் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சார் சொல்லிவிட்டார்: "வீட்ல இருந்து பாக்குறது ஒத்து வரலம்மா. ஜூலை ஒண்ணாம் தேதில இருந்து ஆபீஸ் வந்துருங்க. முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கிறேன்."

பாப்பாவுக்கு எட்டு மாசம். அவள் அப்பா ஜெய்சல்மரில், பட்டாளத்தில். அத்தை கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் ஹாஸ்டல் மெஸ் வேலைக்குக் காலை அஞ்சரை பஸ்ஸில் போனால் திரும்பி வர ராத்திரி ஏழு. யார் கையில் கொடுத்துவிட்டு நான் வருவேன்?

டிரைவர் சிவனாண்டி அண்ணன் எங்கள் தெருவிலிருந்துதான் தினமும் கம்பெனிக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் மறுபடியும் எழுதுவேன்.

உங்கள்,
செல்வி


இராஜபாளையம்
11 ஜூன், புதன்

செல்விக்கு,

கர்த்தர் கிருபையால இங்க எல்லாரும் சொகம். ஒன்னத் தவிர எல்லார் மேலயும் எனக்குப் பிரியமாத்தான் இருக்கு.

ஒரு பக்கம்னு சொல்லிட்டு மூணு பக்கம் எழுதிருக்க. எழுதுனதுல ஒரு வரி கூட விசயத்துக்கு வரல.

ஏட்டி அக்கான்னு கூப்பிட்டா எனக்குக் கோவம் வருமாட்டி? அம்பத்தோரு வயசுல எனக்கு யாரு பேரு வைக்கப் போறா? டவுன் பஸ்ல கண்டக்டர் "ஏட்டி அக்கா ஏறிட்டாவளா, போலாம் ரைட்"டுங்கான். சீட்டு எந்திரிச்சுக் குடுக்காவ. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெரும. வெளிய சொல்லிக்கிடல, அம்புட்டுத்தான்.

நீ போட்ட வீடியோவ நீயே ஒரு தரம் ஒழுங்கா உக்காந்து பாத்தியா? அதச் சொல்லு மொதல்ல.

ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வெளிய வாரேன். ஜெபா தெரியும்லா, பக்கத்து பேண்டேஜ் கம்பெனில மடிக்குதா. எல்லாரும் கேக்க நின்னு கேக்கா: "என்ன அக்கா, ஒங்க கம்பெனில ஓரத்த உள்ள மடிக்கிறது கெடையாதோ? அந்த வேகம் எப்படி வருதுன்னு இப்பத்தான தெரியுது." செருப்பு மாட்டிக்கிட்டு நின்னேன். ஒத்தச் செருப்போட அப்படியே நின்னுட்டேன் செல்வி.

வீட்டுக்கு வந்து எம்மவன் இம்மானுவேல் போன்ல நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். நான் மடிக்கிறது நாலு மடிப்பு. ஒன் வீடியோல மூணுதான் இருக்கு. வெட்டுன ஓரத்த உள்ள தள்ளி அமுக்குற மடிப்பு, அதக் காணும். அது எங்கட்டி போச்சு? போதாக்குறைக்கு வேகத்தையும் ஏத்தி விட்டுருக்க. சாவி குடுத்த பொம்ம மாதிரி ஆடுதேன்.

அந்த ஓரம் வெளிய இருந்தா நூல் பிசிறு புண்ணுக்குள்ள விழும். அறுத்த வயித்துக்குள்ள வைக்கிற துணி அது. ஒன் பிள்ளய அறுத்துத்தான எடுத்தாவ? ஒன் வயித்துக்குள்ளயும் எவளோ ஒருத்தி மடிச்ச துணிய வச்சுத்தான் ரெத்தத்த ஒத்தியிருப்பாவ. அவ ஓரத்த ஒழுங்கா மடிச்சிருக்கா, நீ எந்திரிச்சு நடமாடுத.

இருவத்தாறு வருசத்துல என் மேசையில இருந்து ஒரு பிசிறு வெளிய போனதில்ல. இப்போ ரெண்டு லட்சம் பேருக்குப் போயிருக்கு.

இன்னொண்ணு. மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்குத ஆபீசரு கீழ கமெண்டு எழுதிருக்காரு, "உள்மடிப்பு எங்கே?"ன்னு. ரெண்டே வார்த்த. அதுக்கு நீ என்ன பதில் போட்டுருக்க? செவப்புல ஒரு இதயம். பக்கத்துல "மிக்க நன்றி".

வீடியோவ எடு. எடுத்த பொறவு பேசுவோம்.

பரிபூரணம்

சிவனாண்டி கேக்காரு, நான் வேனு டிரைவரா, போஸ்ட்மேனாங்காரு. அவருக்கு டீ வாங்கிக் குடு.


ஸ்ரீவில்லிபுத்தூர்
12 ஜூன், வியாழன்

அக்கா,

பாப்பா தூங்கின பிறகு உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி.

நடந்தது இதுதான். நீங்கள் மடித்தது இரண்டரை நிமிஷம். இந்தக் காலத்தில் நாற்பது நொடிக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சார் சொல்லியிருந்தார். எங்கே வெட்டலாம் என்று தேடினேன். ஒவ்வொரு துணிக்கும் ஒரு இடத்தில் உங்கள் கை அசையாமல் நிற்கிற மாதிரி இருந்தது. சும்மா நிற்கிறது என்று நினைத்து அந்த இடத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். அது நீங்கள் ஓரத்தை உள்ளே வைத்து அமுக்குகிற நேரம் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. ஐந்து வருசமாக அதே கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறேன். பெட்டிக்குள் இருப்பதை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

இதயம் வைத்ததைக் கேட்டால் இன்னும் திட்டுவீர்கள். வருகிற கமெண்ட் எதற்கும் பதில் போடாமல் விடக்கூடாது என்பது சாருடைய சட்டம். முந்நூறுக்கு மேல் இருந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரு கையால் எல்லாவற்றுக்கும் இதயம் வைத்துக்கொண்டே போனேன். இப்போது ஒன்றிரண்டைப் படித்துப் பார்க்கிறேன். ஒருவர், "எங்க தாத்தா போன மாசம் தவறிட்டாங்க, அவங்களுக்கும் இந்தத் துணிதான் கட்டுனோம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கும் இதயம், மிக்க நன்றி. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

வீடியோவை எடுக்கலாமா என்று சாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ரெண்டு லட்சம் வியூஸ் வந்ததை யாராவது எடுப்பாங்களாம்மா? ஏஜெண்டுங்க எல்லாருக்கும் அதைத்தான் அனுப்பிட்டு இருக்கேன்" என்றார். உள்மடிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாப்பா வீறிட்டாள். மைக்கை மியூட் பண்ணிவிட்டேன். திரும்ப ஆன் பண்ணும்போது அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் பிழைப்பே இந்த மியூட் பட்டனில்தான் ஓடுகிறது. வீட்டில் பிள்ளை அழுவது அவர் காதில் விழுந்தால் ஜூலை ஒன்று ஜூன் பதினைந்தாகிவிடுமோ என்று பயம்.

எனக்கு ஒரு வாரம் தாருங்கள். அதுவரை பெட்டிக் கணக்கை மட்டுமாவது அனுப்பக் கூடாதா? கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு அனுப்புங்கள், பரவாயில்லை.

செல்வி


இராஜபாளையம்
14 ஜூன், சனி

ஏட்டி செல்வி,

கணக்கு வரல, கணக்கு வரலன்னு ரெண்டு கடுதாசியா அழுதியே. நான் என்ன வேலைய நிப்பாட்டிட்டா கோவப்படுவேன்? துணி என்ன பாவம் பண்ணுச்சு?

ஆப்புக்குள்ள வர மாட்டேன்னு வைராக்கியமா அழிச்சேன், உண்ம. ஆனா அந்த வீடியோவுக்குக் கீழ கமெண்டு எழுதலாம்லா. அதுல நீதான ராப்பகலா ஒக்காந்துருக்க. இம்மானுவேல் போன்ல இருந்து, அவன் பேருலதான் போகும், தெனமும் சாயங்காலம் எழுதுதேன். "நாப்பது பெட்டி ரெடி. பெரிய லேபிள் தீந்துட்டு. லாரிய வரச் சொல்லு." பத்து நாளா எழுதிருக்கேன்.

பத்து நாளும் நீ இதயம் வச்சிருக்க.

கண்டுகிட்டா போல, லேபிள் இப்ப வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. இவளுக்கு எம்புட்டுத் திமிருன்னு நெனச்சேன். கோயம்புத்தூர்ல எவரோ ஒருத்தர் "தம்பி, லாரி வந்துச்சா, இல்லியா? மனசு கெடந்து அடிச்சுக்குது"ன்னு தெனமும் கேட்டு எழுதுதாரு. ஊரான் ஒருத்தன் கேக்கான், நீ கேக்கல.

ஒரு வாரம் கேட்டுருக்க. மூணு நாள் தாரேன்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18 ஜூன், புதன்

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாப்பா எழுந்துவிட்டாள். அவளை மடியில் வைத்துக்கொண்டே எல்லாக் கமெண்டையும் ஒன்று விடாமல் படித்தேன். உங்கள் கணக்கு பத்து நாளும் அங்கேதான் இருந்தது. தேதி, பெட்டி, லேபிள் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். கோயம்புத்தூர்க்காரருக்கு "லாரி வருது சார்" என்று பதில் போட்டேன். "இப்பத்தான் நிம்மதி" என்றார். லேபிள் திங்கள் மதியம் வந்திருக்கும், லாரி செவ்வாய்க்கிழமை வந்து ஏற்றிப் போயிருக்கும். பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். நேற்று மதியம் வீடியோவை எடுத்துவிட்டேன். சாரைக் கேட்கவில்லை.

குளிக்கும்போது தையல் போட்ட இடத்தில் கை பட்டது. நீங்கள் எழுதினது ஞாபகம் வந்தது. வெளியே வந்து, தலை கூடத் துவட்டாமல், போனை எடுத்து அழுத்திவிட்டேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். அழுத்தின கையோடு போனைக் கொஞ்ச நேரம் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தேன். மதுரை ஆபீசருக்கும் தனியாக எழுதினேன்: வெட்டினது நான், மடித்தவர்கள் ஒழுங்காகத்தான் மடித்தார்கள் என்று. அவர் படித்துவிட்டார்.

சார் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்களை நம்பித்தானம்மா பக்கத்தைக் குடுத்தேன். மாசக் கடைசியோட எல்லாத்தையும் ஒப்படைச்சிருங்க" என்றார். அப்படியானால் ஜூலையில் ஆபீஸுக்கு வரச் சொல்கிறாரா, வரவே வேண்டாம் என்கிறாரா? அதைக் கேட்பதற்குள் பாப்பா அழுதாள். இந்தத் தடவை நான் மியூட் பண்ணவில்லை.

உங்களிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. எடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான்.

செல்வி


இராஜபாளையம்
20 ஜூன், வெள்ளி

அடிப் பைத்தியக்காரி,

எடுன்னு சொன்னா மொதலாளி மவனக் கேக்காமலா எடுப்பாவ? கேட்டு, சண்ட போட்டு, பொறவு எடுப்பன்னு நெனச்சேன். நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கல.

கோவத்துல ஆளு கண்ணு மண்ணு தெரியாம நடந்துகிடுதது உண்டு. நான் பின் கேட்டு வழியாப் போன அன்னைக்கு ஒம்புள்ள சத்தம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் போனேன். அத எழுதாம விட்டா நல்லா இருக்காது.

நேத்து சாப்பாட்டு நேரத்துல மாடி ஏறி ஹரிகிருஷ்ணன் சாரப் பாத்தேன். மேசை மேல ரெண்டு துணிய மடிச்சுக் காட்டுனேன், மூணு மடிப்புல ஒண்ணு, நாலு மடிப்புல ஒண்ணு. ரெண்டையும் ஒதறச் சொன்னேன். மொத துணி ஒதறவும் அவரு கறுப்புப் பேண்டு முழுக்க வெள்ள நூலு. தட்டுதாரு, தட்டுதாரு, போகல. "இதத்தான் சார் ஏஜெண்டுமாருக்கெல்லாம் அனுப்பிட்டு இருந்திய"ன்னேன். நூறு துணிய வெட்டாம எடுத்தா பதினோரு நிமிசம் வரும்னும் சொன்னேன். பொறவு, "சரி, முழுசா ஒண்ணு எடுத்துப் போடுங்க. ஆனா பதினோரு நிமிசம் எவன் பாப்பான்?"னாரு.

எவன் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. பெட்டியில போனச் சாச்சு வச்சு எடுத்துருக்கேன். நூறு துணி, பத்துப் பாக்கெட்டு. நடுவுல ஒரு தும்மல் இருக்கு, அது மாரியாத்தா. இம்மானுவேல் ஆப்ப மறுபடியும் போட்டுக் குடுத்தான், அதுல ஒனக்கு அனுப்பிருக்கேன். வெட்டாத. வேகம் ஏத்தாத. பாட்டுப் போடாத. தும்மலும் இருக்கட்டும்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
26 ஜூன், வியாழன்

அக்கா,

போட்டு ஐந்து நாள் ஆகிறது. தொள்ளாயிரத்து நாற்பது பேர்தான் பார்த்திருக்கிறார்கள். சார் அந்த எண்ணை மட்டும் ஆபீஸ் ஆப்பில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிட்டார்.

ஆனால் அந்தத் தொள்ளாயிரத்தில் மதுரை ஆபீசர் ஒருத்தர். கடைசி வரை பார்த்திருக்கிறார், எட்டாவது பாக்கெட்டைத் திருப்பி எண்ணினீர்களே, அதைச் சொல்லி எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் சூப்பரிண்டெண்ட், கொச்சியில் ஒருவர், திருச்சியில் ஒருவர். நாலு பேரும் சாம்பிள் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவர்கள் கேட்டதைப் படித்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். ஒரு கமெண்டுக்கு அரை மணி நேரம் ஆகிறது.

சாரிடம் சொன்னேன். "சாம்பிள் அனுப்பிருங்க" என்றார். ஒன்றாம் தேதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

அதனால் வருவதற்கே தயாராகிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள், அவர்கள் வீட்டில் நாய் இருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் குடிக்க வேண்டுமே என்று டம்ளரில் பால் பழக்குகிறேன். காலையில் இருந்து ஏழு தடவை. ஏழு தடவையும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். எட்டாவது தடவை குடித்தாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் இல்லையா?

செல்வி


இராஜபாளையம்
29 ஜூன், ஞாயிறு

ஏட்டி செல்வி,

கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோட எழுதுதேன். சிவனாண்டி இன்னைக்கு லீவு, நாளைக்குத்தான் ஒனக்குக் கெடைக்கும். அதுக்குள்ள ஒனக்கே தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் என் வாயால சொல்லணும்.

நேத்து மீட்டிங்கு. நெட்டு வரலன்னு ஒன்ன லைன்ல எடுக்கல, அதுவும் நல்லதுக்குத்தான். சொவர்ல இருக்குத டிவியில ஜூலை மாச வேலைய விரிச்சாரு. எல்லாருக்கும் ஒரு கட்டம். டிஸ்பேட்ச் கட்டத்துல "புது ஆள்"னு போட்டுருந்துச்சு.

நான் எந்திரிச்சேன். "சார், வீட்ல இருந்து பாக்குறது ஒத்து வரலன்னிய. ஏன் ஒத்து வரல?"ன்னேன்.

"பத்து நாள் கணக்கே வரலயேம்மா"ன்னாரு.

"அனுப்ப வேண்டியது நான். ஆப்புல அனுப்பாதது நான். செல்வி இங்க எனக்கு எதுத்தாப்ல நாக்காலி போட்டு ஒக்காந்துருந்தாலும் நான் சொல்லாட்டி அவளுக்கு எப்படித் தெரியும்? அவ மேல உள்ள கோவத்துல குரூப்ப விட்டுப் போனது என் தப்பு. நீங்க தண்டன குடுக்குறது அவளுக்கு"ன்னேன்.

பேக்கிங் பிள்ளைய இருவத்திரண்டு பேரும் என்னத்தான் பாக்குதாளுவ. ஓரம் மடிக்கலன்னு அவளுவள எம்புட்டு விரட்டிருப்பேன். அவளுவ முன்னாலதான் என் தப்புன்னு சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கல, நல்ல பிள்ளைய.

சாரு கேக்காரு, "அப்போ ஒங்களுக்குத்தான் வார்னிங் குடுக்கணும்?"

"குடுங்க. எழுத்துலயே குடுங்க"ன்னேன். குடுத்துட்டாரு செல்வி! வெளயாட்டுக்குச் சொல்லல, முத்திர போட்டு இருக்கு. இருவத்தாறு வருசத்துல மொத வார்னிங்கு. பீரோவுல வச்சிருக்கேன்.

பொறவு எல்லார் கண்ணு முன்னாலயே "புது ஆள"ப் பூராத்தையும் அழிச்சிட்டு, "செல்வி, வீட்டில்"னு அடிச்சாரு. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுத மட்டும் அப்படியே இருக்கட்டும், அதுக்குப் பொறவு பேசிக்கலாம்னுட்டாரு. மாசத்துல ஒரு நாள், சாம்பிள் கட்டுத அன்னைக்கு மட்டும் நீ வரணுமாம். பிள்ளையையும் தூக்கிட்டு வா. பின் கேட்டப் பூட்டச் சொல்லிருக்கேன்.

ஒன் நம்பர பிளாக்குல இருந்து எடுத்தாச்சு. இனி தாளுல எழுதாத, எனக்குக் கண்ணு வலிக்கி. கூப்பிடு. பிள்ள அழுதா அழட்டும்.

அந்த டம்ளரத் தூக்கி மேல வச்சிரு. அவளுக்கு இப்ப என்னட்டி அவசரம்.

பரிபூரணம்